பதினேழாம் எண் கல்

பொன்வயல் நகரில் மனை வாங்கியவர்கள் நூற்றுப் பதினான்கு பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் மனை எது என்று அடையாளம் சொல்லத் தெரியாது. அதற்காக அவர்கள் கவலைப்பட்டதும் கிடையாது. பருத்திப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் வேம்புலி எங்கே என்று கேட்டால் போதும். வேம்புலி வருவான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலிகாத்தான் முள்ளைக் காலால் ஒதுக்கியபடி முன்னால் நடப்பான். ஒரு கல்லின் மேல் பாதத்தை வைத்து, "இதான் சார் உன்து" என்பான். வந்தவர் அந்தக் கல்லைச் சுற்றி நாலு நடை நடந்து, வானத்தைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, திருப்தியோடு ஆவடிக்குத் திரும்புவார். பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

அது ஏரியை நம்பி நெல் விளைந்துகொண்டிருந்த நிலம். எண்பத்து மூன்றில் பட்டணத்திலிருந்து ஒரு புரமோட்டர் வந்து வாங்கி, வரப்புகளை வெட்டிச் சமன்செய்து, சுண்ணாம்புக் கோட்டால் தெருக்களை வரைந்தார். வயல் இருந்தவரை அதற்குப் பெயர் கிடையாது. வயல் போனபிறகு பொன்வயல் நகர் ஆயிற்று. அந்த நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தவன் வேம்புலி. உழவு போன மாதமே அதே மண்ணில் அவனுக்குக் கல் நடும் வேலை கிடைத்தது. கல் நட்டதற்கும், வருஷக்கணக்கில் அவற்றைக் காவல் பார்ப்பதற்கும் கூலியாக, மூன்றாம் தெருவின் கடைசி மனையான இருபத்து நாலாம் எண்ணை அவன் பெயருக்கே புரமோட்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கால்வாய் ஓரத்து மனை, லேசில் விலைபோகாது என்று அவர் நினைத்திருக்கலாம். வேம்புலிக்கு அதுவே ராஜ்யம். அவனும் கண்ணம்மாவும் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒரே அறையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் ஆன நாள் முதல், அந்த அறை எப்போது காலியாகும் என்று வீட்டில் எல்லோரும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மனைக்கு ஒரு கல். மனை முப்பதடி அகலம். அதன் மேற்கு மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கருங்கல், கல்லில் சிவப்புப் பெயிண்டில் எண். வேம்புலிக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, எண் தெரியும். வருஷா வருஷம் பொங்கலுக்கு ஊரார் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இவன் ஒரு டப்பா பெயிண்டோடு போய் நூற்றுப் பதினான்கு கல்லுக்கும் எண்ணைப் புதுப்பித்து எழுதுவான். வேம்புலி கல்லுக்குப் பொங்கல் வைக்கிறான் என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

மனை பார்க்க வருகிறவர் வாயைத் திறந்ததும் எந்த ஊர்க்காரர் என்று அவன் சொல்லிவிடுவான். அம்பத்தூரில் வாடகை கட்டி மாளாமல் ஆவடிக்கு வந்தவர்கள், ஆவடியிலும் விலை ஏறிவிட்டதால் இங்கே வந்தவர்கள், ஆவடித் தொழிற்சாலைக் குவாட்டர்ஸில் இருபது முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வு நெருங்கும்போது திடுக்கிட்டு விழித்தவர்கள். திருநெல்வேலிக்காரர் முதலில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பார். வேலூர்க்காரர் பள்ளிக்கூடம் எங்கே என்பார். கும்பகோணத்துக்காரர் ஒன்றும் கேட்காமல் வடகிழக்கு மூலையைத் தேடுவார். ஊர்க்காரர்களாக இருந்தவர்கள் உழவை விட்டுவிட்டுக் கொத்து வேலைக்கும் செங்கல் லாரிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் பத்து வருஷத்தில் பருத்திப்பட்டில் பருத்திப்பட்டுக்காரன் யார் என்று தேட வேண்டியிருக்கும் என்று வேம்புலி அடிக்கடி சொல்வான். சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மனை காட்டப் போவான்.

தொண்ணூறாம் வருஷம் மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை.

"இந்தக் கல்லு ஆடுதுய்யா. நாலு நாளா சொல்லிகினு கீறேன், காதுல வாங்குறியா நீ?" என்றாள் கண்ணம்மா.

பின்கட்டுக் கிணற்றடியில் அவள் துணி துவைக்கும் கல். நாலைந்து வருஷமாக அங்கே கிடக்கிறது. வேம்புலி கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினான். கல் புரண்டு விழுந்தது. அடிப்பக்கம் அப்பியிருந்த ஈரமண்ணைக் கையால் வழித்தபோது, மண்ணுக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினான். வெளிறிப்போயிருந்தாலும் நன்றாகவே படிக்க முடிந்தது. 17.

அவன் கைதான் எழுதியது. அவனுடைய ஏழுக்குத் தலையில் ஒரு கொக்கி இருக்கும்.

"இது ஏது உனுக்கு?"

"ரோட்டோரமா சேத்துல கவுந்து கெடந்துச்சி. எண்பத்தஞ்சு வெள்ளம் வடிஞ்சப்போ. நானும் உங்க அண்ணியும் உருட்டிகினு வந்தோம். ஏன்?"

வேம்புலி விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

எண்பத்தைந்து ஐப்பசிக் கடைசியில் பெய்த மழையில் பொன்வயல் நகர் முழுக்க மூன்று வாரம் தண்ணீர் நின்றது. வடிந்தபிறகு பார்த்தால் பாதிக் கல் சாய்ந்து கிடந்தது, பெயிண்ட் ஒன்றிலும் இல்லை. அந்தப் பொங்கலுக்குக் கற்களை நிமிர்த்தி, ரோட்டுப் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே போய் எண் போட்டான். மூன்றாம் தெருவில் பதினேழு முதல் இருபத்து நாலு வரை எட்டுக் கல் இருக்க வேண்டும், ஏழுதான் இருந்தது. கால்வாய் ஓரத்தில் நின்ற தன்னுடைய கடைசிக் கல்லைத்தான் வெள்ளம் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இருந்த ஏழுக்கும் பதினேழு முதல் இருபத்து மூன்று வரை எழுதி, கடைசியில் புதுக் கல் ஒன்று நட்டு 24 என்று போட்டான். டேப் பிடித்து அளக்கவில்லை. தான் நட்ட கல்லைத் தானே அளந்து பார்ப்பதா என்ற மிதப்புதான், வேறென்ன.

காணாமல் போனது முதல் கல். அது தன் வீட்டுக் கிணற்றடியில் கிடந்திருக்கிறது. அப்படியானால் மூன்றாம் தெருவில் அவன் பதினேழு என்று எழுதியது உண்மையில் பதினெட்டு. பதினெட்டு என்று எழுதியது பத்தொன்பது. ஒவ்வொருவரும் அடுத்தவர் மனையில் நிற்கிறார்கள். அவனும் கண்ணம்மாவும் தங்கள் மனை என்று நாலு வருஷமாகக் கீரை போட்ட இடம் கால்வாய்ப் புறம்போக்கு.

இதெல்லாம் வெறும் கல்லாக இருந்திருந்தால் ஒரு டப்பா பெயிண்டோடு போயிருக்கும். ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது.

இக்னேஷியஸ் வடக்கன்குளத்துக்காரர். தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம். ஏப்ரலில் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகஸ்டுக்குள் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கையில் வந்ததையெல்லாம் கொட்டி, பத்தொன்பதாம் எண் மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பி ஜன்னல் மேல்மட்டம் தாண்டியாயிற்று. வரும் வியாழக்கிழமை தளம் போட நாள் குறித்திருந்தார்கள். அந்த இடத்தில் கடைக்கால் தோண்டச் சொல்லிக் காலை வைத்துக் காட்டியவன் வேம்புலி.

வேம்புலி ஓட்டமும் நடையுமாக மூன்றாம் தெருவுக்குப் போனான். ரோட்டு ஓரத்திலிருந்து அடி எண்ணி நடந்தான். எத்தனை முறை நடந்தாலும் ஒன்றுதான். வீடு நின்றது இருபதாம் எண்ணில்.

சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த இக்னேஷியஸ் அவனைப் பார்த்துவிட்டு ஹோஸைக் கீழே போட்டார். "வேம்புலி, நல்ல வேள வந்தீரு. நம்ம இருபதாம் நம்பர் கஸ்தூரியம்மா ஞாயித்துக்கெழம வருது. கூட ஒரு சர்வேயரக் கூட்டிட்டு வருதாம். நீரும் இருக்கணும்."

"சர்வேயர் எதுக்கு சார்? நானு காட்ட மாட்டனா?"

"பொம்பள தனியா நிக்கிதுல்லா. பயம் இருக்கத்தான செய்யும்."

கஸ்தூரியின் புருஷன் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மனை வாங்கிய மறுவருஷமே இறந்துபோனார். அந்த வேலை இப்போது கஸ்தூரிக்கு. அம்பத்தூரில் ஒரு வாடகை வீட்டில் மகளோடு இருந்தாள். வேம்புலி அவளை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறான். அதிகம் பேசாதவள், பேசினால் சொன்னதை மாற்றிக்கொள்ளாதவள் என்று மட்டும் கேள்வி.

மனையை மனைக்கு மாற்றிக்கொண்டால் போகிறது என்று உங்களுக்குத் தோன்றும். வேம்புலிக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இக்னேஷியஸின் உண்மையான பத்தொன்பதாம் மனை பக்கத்திலேயே காலியாகத்தானே கிடக்கிறது, அதைக் கஸ்தூரிக்குக் கொடுத்துவிட்டால் என்ன? அதன் முன்னால் போய் நின்று தெற்கே பார்த்தான். அங்கிருந்த முள்ளையெல்லாம் போன மாதம்தான் பஞ்சாயத்து ஆட்கள் வெட்டியிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடாக மட்டும் இருந்த குறுக்குத் தெரு இப்போது இருபதடி அகலத்துக்கு நேராக ஓடிவந்து, அவன் நெஞ்சுக்கு எதிரே முட்டி நின்றது. தெருக்குத்து.

அப்போதுதான் பழைய ஞாபகம் வந்தது. எண்பத்து மூன்றில் அந்த மனையை யாருமே சீந்தவில்லை. தெரு வந்து குத்தும் இடத்தில் குடியிருந்தால் குடும்பம் விளங்காது என்று பார்த்தவரெல்லாம் ஒதுங்கினார்கள். கடைசியில், "நமக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்று சிரித்துக்கொண்டே வாங்கியவர் இக்னேஷியஸ். முள் மூடியதும் தெருவே மறந்துபோயிற்று. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய், தெருக்குத்து மனையை எடுத்துக்கொள் என்று யார் சொல்வது?

சனிக்கிழமை முழுக்க வேம்புலி யோசித்தான். வாயைத் திறக்காமல் இருந்தால்? கஸ்தூரிக்கு இருபது என்று எழுதியிருக்கும் கல்லைக் காட்டினால் போதும். அது காலி மனை, நல்ல மனை. எல்லோரும் ஒரு மனை தள்ளிப் போவார்கள், பதினெட்டுக்காரருக்குத் தெருக்குத்து விழும், அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை; மற்ற யாருக்கும் நஷ்டமில்லை, வேம்புலி ஒருவனைத் தவிர. அவன் இருபத்து நாலு கால்வாயோடு போகும். போகட்டும் என்று நினைத்தான். மண் போனாலும் பேர் நிற்குமே. வேம்புலி காட்டிய கல் தப்பு என்று ஒரு சர்வேயர் நாலு பேர் முன்னால் சொல்வதைக் கேட்பதற்கு, மனையை இழப்பதே மேல் என்று அவனுக்குப் பட்டது. வீம்பு பிடித்த மனுஷன்.

சாயங்காலம் கட்டிடத்துக்குப் போனான், சொல்லிவிடுவோமா என்று. இக்னேஷியஸின் மனைவி செலின் ஸ்டீல் டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். சமையலறை வரப்போகும் இடத்தில் நின்று, "இங்கன ஒரு கடப்பாக்கல்லு போடுதோம். முப்பது வருசமா குவாட்டர்ஸ்ல ஒரு ஆணி அடிக்க விடல வேம்புலி. இங்க நான் நெனச்ச எடத்துல அடிப்பேன்" என்றாள். வேம்புலி டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து கண்ணம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்றான்.

"போடு. அப்புறம் ஏரியில ஒரு கல்லு, கொளத்துல ஒரு கல்லுன்னு போட்டுகினே இரு" என்றாள் அவள். பிறகு மெதுவாக, "அப்போ இருபத்தி நாலு நமக்கு இல்லியா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. கஸ்தூரி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரம். கூடவே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சர்வேயர் சண்முகசுந்தரம், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. இக்னேஷியஸும் செலினும் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார்கள். கொத்து வேலைக்காரர்கள் லீவு. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"மொத கல்லு எது?" என்று சர்வேயர் கேட்டார்.

வேம்புலி 17 என்று எழுதியிருந்த கல்லின் மேல் பாதத்தை வைத்தான். "இதான் சார்."

இத்தனை வருஷத்தில் மனை விஷயத்தில் அவன் தெரிந்து சொன்ன முதல் பொய் அது.

இக்னேஷியஸ் தன்னுடைய டேப்பையே கொண்டுவந்து, ஒரு முனையைத் தானே வலியப் பிடித்துக்கொண்டார். அளப்பதென்றால் அவருக்குப் பாயசம். கல்லுக்குக் கல் முப்பதடி சரியாக விழுந்தது. பத்தொன்பது, இருபது என்று சர்வேயர் குறித்துக்கொண்டே வந்தார். இருபது என்று எழுதிய கல்லருகே கஸ்தூரி நின்று நாலு பக்கமும் பார்த்தாள். அவள் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

"சரியா இருக்கும்மா" என்றார் சர்வேயர். பையை மூடப் போனார்.

வேம்புலி மூச்சை விட்டான். ஐந்து நிமிஷம் போனால் ஆட்டோ கிளம்பிவிடும்.

"இருங்க சார். வந்தது வந்தாச்சு, வேம்புலி மனையவும் அளந்துருவோம். பாவம், நம்ம எல்லாருக்கும் காட்டிக் குடுக்க மனுசன், அவருக்கு யாரு அளந்து குடுக்கா?" என்றார் இக்னேஷியஸ்.

"வேணாம் சார். எனுக்கு இன்னாத்துக்கு? வெயிலு ஏறுது."

"சும்மா கெடயும்."

டேப்பை இழுத்துக்கொண்டு அவர் கால்வாய்வரை போய்விட்டார். 24 என்று எழுதிய கல் கால்வாயின் விளிம்பில், பாதி நாணலுக்குள் நின்றது. அதற்கு அப்பால் கரையில் ஒரு கீரைப் பாத்தி, பிறகு தண்ணீர். இக்னேஷியஸ் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "வேம்புலி, உம்ம மனை முக்காவாசி தண்ணிக்குள்ளல்லா கெடக்கு."

பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். எண்பத்து மூன்றில் புரமோட்டர் கொடுத்த மனை வரைபடம். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பசைத்தாள் ஒட்டியிருந்தது. "பிளான்ல ரோட்டுலேருந்து கால்வாய் வரைக்கும் இருநூத்தி நாப்பது அடி. எட்டு மனை. நாம மொதக் கல்லுலேருந்து அளந்தா இருநூத்திப் பத்துதான வருது. உம்ம முப்பதடிய எவனோ முழுங்கிட்டான் வே. விடக்கூடாது. சார், ரோட்டுலேருந்து அந்தப் பதினேழாம் கல்லு வரைக்கும் ஒரு தடவ பிடிங்க."

அந்த மனிதர் வேம்புலிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அளந்தார். வேம்புலி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரோட்டிலிருந்து கல்வரை முப்பதடி. ஒரு அங்குலம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

"சரியா முப்பது எப்படி வரும்?" என்று இக்னேஷியஸ் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவர் பார்வை அந்தக் காலியிடத்தில் இருந்து கல்லுக்குப் போயிற்று, கல்லில் இருந்து தன் வீட்டுச் சுவருக்குப் போயிற்று. முப்பத்திரண்டு வருஷம் அளவு பார்த்த கண். அது சுவரிலேயே நின்றுவிட்டது.

"வேம்புலி, உள்ளதச் சொல்லும். மொதக் கல்லு எங்க?"

"எங்க ஊட்டுல கீது சார்" என்றான் வேம்புலி. "எம் பொண்டாட்டி அதுலதான் துணி தொவைக்கிறா."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். யாரும் சிரிக்கவில்லை. வேம்புலி வெள்ளத்தில் தொடங்கி வெள்ளிக்கிழமை வரை ஒன்று விடாமல் சொன்னான். இன்று தெரிந்தே பொய்க் கல்லைக் காட்டியதையும் சொன்னான். சொல்லி முடித்தபோது செலின் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"அப்போ இந்த வீடு நிக்கிறது என் மனையிலயா?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் சர்வேயர்.

இக்னேஷியஸ் ஒரு அடி முன்னால் வந்தார். "எம் மனை பக்கத்துலதான் இருக்கும்மா. அதே அளவு. பத்திரம் மாத்தி எழுதிக்கிடலாம். செலவு என்னுது."

கஸ்தூரி பத்தொன்பதாம் மனைக்குப் போனாள். நடுவில் நின்று தெற்கே திரும்பினாள். குறுக்குத் தெரு அவள் காலடிவரை வந்து நின்றது. அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள்.

"இது தெருக்குத்து சார்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு நம்பிக்கை இருக்கா இல்லையான்னு நான் யோசிச்சதில்ல. ஆனா இங்க மனை வாங்குன மறுவருஷம் அவர் போய்ட்டாரு. நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒரு தலைவலின்னாகூட நான் இந்தத் தெருவைத்தான் பாப்பேன். என்னால இங்க தூங்க முடியாது. எனக்கு என் இருபது வேணும்."

நியாயம்தானே. அவள்மேல் கோபப்பட யாராலும் முடியவில்லை.

"அப்ப இடிச்சிருதேன்" என்றார் இக்னேஷியஸ்.

செலின் அவரைப் பார்த்தாள். "எதுக்குள்ள? ஆகஸ்டுக்குள்ள இடிச்சு ஆகஸ்டுக்குள்ள கெட்டுவீகளோ? எதவச்சிக் கெட்டுவீக?" அவர் கையிலிருந்த டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்து, மறுபடி இழுத்து, மறுபடி சுற்றினார்.

வேம்புலிக்கு அந்தக் கையைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. நேற்றுவரை பேரைப் பற்றி அவனுக்கிருந்த கவலை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அது போனபிறகு மற்றது சுலபமாக இருந்தது.

"எம்மா, இப்பிடி வா" என்று கஸ்தூரியைக் கூப்பிட்டான். 23 என்று எழுதிய கல்லுக்கு அழைத்துப்போனான். கல்லின் மேல் பாதத்தை வைக்கவில்லை. கையால்தான் தொட்டுக் காட்டினான். "இதான் நெசமான இருபத்தி நாலு. எம் பேர்ல கீது. கெழக்கால கால்வா, அந்தாண்ட எவனும் ஊடு கட்ட முடியாது, காத்து வரும். இத்த நீ எடுத்துக்கோ. இருபத சாருக்கு எழுதிக் குடுத்துடு. சாரு பத்தொம்பத எனுக்கு எழுதிக் குடுக்கட்டும். தெருக்குத்துல நானு இருந்துக்குறேன்."

சர்வேயர் அளந்து பார்த்து, மனை சரிதான் என்று தலையசைத்தார். கஸ்தூரி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டாள்.

"எண்பத்தஞ்சுல இங்க இடுப்பளவு நின்னுச்சி" என்றான் வேம்புலி. "அப்புறம் வர்ல. இனிமே வராதுன்னு நானு சொல்ல மாட்டேன். கடக்கால ஒசத்திக் கட்டு."

அவள் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பொய்க் கல்லைக் காட்டிய அதே ஆள்தான். "சரி" என்றாள். பிறகு சர்வேயரிடம், "நாலு மூலையிலயும் நீங்களே கல் போட்டுக் குடுங்க சார். இவர் வேணாம்" என்றாள்.

வேம்புலி தலையைக் குனிந்துகொண்டான். செலின் அவனுக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இக்னேஷியஸ் திட்டவில்லை. கிளம்பும்போது டேப்பை அவன் கையில் வைத்து, "இனிமே காலால காட்டாதேயும் வே. இதால காட்டும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று வேம்புலிக்கு இருந்தது.

வீட்டில் கண்ணம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் கிணற்றடியில் நின்றபடியே சொன்னான். அவள் கையிலிருந்த புடவையை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"என்னிய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

"தெருக்குத்துல."

"ஆமா."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, தண்ணீர்தானா என்று அவன் உற்றுப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு அவள் கல்லைக் காலால் தட்டினாள். "கல்லு உருட்டிகினு வந்தவ நானு. எண்ணிப் பாக்காதவன் நீ. ரெண்டு பேருக்கும் சேத்துக் குத்தட்டும். எழுந்து வா, இத்த இருந்த எடத்துல நட்டுட்டு வருவோம். அந்தப் பதினேழுகாரன் எவனோ, அவன் வர்றதுக்குள்ள."

அன்று மத்தியானம் பருத்திப்பட்டுத் தெருவில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு துவைகல்லை உருட்டிக்கொண்டு போனதை ஊரே வேடிக்கை பார்த்தது.

வியாழக்கிழமை இக்னேஷியஸ் வீட்டுக்குத் தளம் விழுந்தது. ஆகஸ்டில் குடிவந்தார்கள். வேம்புலியின் பேர் மட்டும் திரும்ப வரவில்லை. தொழிற்சாலையில் விஷயம் பரவி, வருகிறவரெல்லாம் சர்வேயரோடுதான் வந்தார்கள். டீக்கடையில் யாரும் அவனை விசாரிப்பதில்லை. பிழைப்புக்குக் கொத்து வேலையில் சித்தாளாகப் போனான். ஐப்பசி மழைக்கு முன்னால் பத்தொன்பதாம் எண்ணில் மண்சுவர் வைத்து ஓலை வேய்ந்து குடியேறினார்கள். தெருவைப் பார்த்த சுவரில் ஒரு பிள்ளையார் வைத்தால் குத்து தணியும் என்றார்கள். அந்த மாடத்தைச் சிமெண்டால் பூசிக் கொடுத்தவர் இக்னேஷியஸ். ரசமட்டம் வைத்து, மூலை மூலையாகச் சரிபார்த்து, தன் வீட்டு ஜன்னலுக்குக்கூட அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அந்த வருஷக் கடைசியில், ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடுகளுக்கு எண் போட ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். கையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும். வேம்புலிக்கு அதைப் பார்த்ததும் விரல் குறுகுறுத்தது. வாத்தியார் அவன் குடிசை வாசலில் நின்று, குடும்பத்தில் எத்தனை பேர், என்ன தொழில், எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"இதே ஊர்தான் சார். பொறந்தது வளந்தது எல்லாம்."

"இந்தப் பொன்வயல் நகர்லயே இதே ஊர்க்காரன் நீ ஒருத்தன்தான்யா" என்றார் வாத்தியார். பிரஷ்ஷை முக்கிக்கொண்டு, "மனை நம்பர் என்ன?" என்று கேட்டார்.

வேம்புலியின் வாய்வரைக்கும் எண் வந்துவிட்டது. எத்தனை வருஷம் எழுதிய எண். அவன் சொல்லவில்லை. உள்ளே போய், பிள்ளையார் மாடத்துக்குப் பின்புறச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த டேப்பை எடுத்து வந்தான். ஒரு முனையை வாத்தியார் கையில் கொடுத்தான்.

"இத்த கொஞ்சம் புடி சார். ரோட்டாண்ட ஒரு கல்லு கீது, அங்கருந்து அளந்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.